யாழ்ப்பாணத்து வரவேற்பறைக்குச் சுவர் நிறமும் காப்பெற் நிறமும் தெரிவு செய்தல்: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதென்று முடிவானதும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, கடையிலிருந்து ஒரு நிற அட்டையைக் கொண்டுவந்து, குடும்பமாக இருந்து பார்த்து, ஒரு நிறத்துக்கு அடையாளம் போடுவதுதான். சுவர் வேலை முடிந்த பிறகு, அந்தச் சுவருக்குப் பொருந்துகிற காப்பெற் ஒன்றைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்குவார்கள். இந்த ஒழுங்கைத் திருப்பிப் போட வேண்டும் என்பதையே இந்த வழிகாட்டி முழுவதும் வலியுறுத்துகிறேன். பெயின்றைக் கடையிலுள்ள கலவை இயந்திரம் ஆயிரக்கணக்கான நிறங்களில் கலந்து தரும். விரும்பிய நிறத்தைப் பாதி அளவு சாயத்தோடு வெளிறலாகவும் கேட்டு வாங்கலாம். காப்பெற்றைப் பொறுத்தவரை, கடையில் அன்றைக்கு என்ன சுருட்டி வைத்திருக்கிறார்களோ அதற்குள்தான் தெரிவு செய்ய முடியும். தரை ஏற்கெனவே போட்டாயிற்று. யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் வீடு கட்டிய அன்றே முடிவாகிவிட்டது. ஆகவே மாற்ற முடியாததில் தொடங்கி, மாற்ற இலகுவானதில் முடிக்க வேண்டும்: தரை, வெளிச்சம், காப்பெற், கடைசியாகப் பெயின்ற். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது சுவரின் ஈரம்.

படி 1: சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தல்

தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நீரை உறிஞ்சிய சுவர் தை பிறப்பதற்குள் உலர்ந்துவிடுவதில்லை. கையால் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே ஈரம் நிற்கும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால், மாசி, பங்குனி வெயிலில் அந்த ஈரம் வெளியே வர முயலும்போது பூச்சு கொப்புளித்து உரிகிறது. பொங்கலுக்கு வீடு துப்புரவாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் நியாயமானதே. அதற்குச் சுவரைத் தூசி தட்டித் துடைத்து, கதவு நிலைகளுக்கு வார்னிஷ் பூசிவிட்டு, சுவர் வேலையை மாசி நடுப்பகுதி முதல் சித்திரை முடிவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவினர்கள் வருகிறார்கள் என்பதற்காக ஆடியில் அடிக்க வேண்டி வந்தால், காற்று எழுமுன் காலையில் வேலையைத் தொடங்கி, காற்று வரும் பக்கத்து யன்னல்களை மட்டும் சாத்தி, மறுபக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

ஈரத்தைச் சோதிப்பதற்கு ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டு ஒன்று போதும். அதைச் சுவரின் கீழ்ப்பகுதியில் வைத்து, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் ரேப் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கத்தில் நீர்த்துளி கண்டால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது; வெளிப்பக்கத்தில் மட்டும் கண்டால் அது காற்றின் ஈரப்பதன். முதலாவது வகையென்றால் நிறத்தைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, கூரை ஒழுக்கு, பீலி, அத்திவாரத்தின் ஈரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

உப்புப் பூத்தல் இதன் கூடப்பிறந்த பிரச்சினை. தீவகத்திலும் கரையோரத்திலும் பல கிணறுகளின் நீர் உவர். அந்த நீரில் சாந்து குழைத்திருந்தாலோ, நன்றாகக் கழுவாத கடல் மணலைப் பூச்சுக்குப் பாவித்திருந்தாலோ, ஈரம் வரும்போதெல்லாம் உப்பு கரைந்து சுவரின் முகத்துக்கு வந்து வெள்ளைப் பொடியாகப் படியும். இந்தப் பொடியை நீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போகும். உலர்ந்த தும்புத் தூரிகையால் தேய்த்து, விழுந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு, சில வாரங்கள் பொறுத்திருந்து, மீண்டும் பூக்காவிட்டால் மட்டுமே காரத்தைத் தாங்கும் பிரைமர் (பெயின்றுக்கு முந்திய அடிப்பூச்சு) அடிக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய நாற்சார் வீடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். அந்தச் சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புடையவை. அவற்றை நீராவி புகாத பிளாஸ்ரிக் தன்மையுள்ள பெயின்றால் மூடினால், பூச்சோடு சேர்ந்து சாந்தும் கழன்று விழும். காவி அல்லது மஞ்சட்காவி சிறிது கலந்த சுண்ணாம்புப் பூச்சே அவற்றுக்கு இன்றும் பொருத்தமானது. மண்ணிலிருந்து பெறப்படும் இந்த இரும்பு ஒக்சைட்டு நிறங்களைச் சுண்ணாம்பின் காரமும் கெடுக்காது, வெயிலும் வெளுக்கச் செய்யாது. புதிய சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆற விடுங்கள். பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருந்திருக்கக்கூடும் என்பதால், அதை உலர்ந்த நிலையில் உரஞ்சித் தூசி கிளப்பாமல், நனைத்து உரஞ்சச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாட்களில் சின்னப் பிள்ளைகளை அந்த அறைக்குள் விட வேண்டாம்.

படி 2: தரையையும் மாறாத பொருட்களையும் குறித்துக்கொள்ளுதல்

நம் ஊர் வரவேற்பறைகளில் பெரும்பாலும் காணப்படுபவை மூன்று வகைத் தரைகள்: பழைய வீடுகளில் காவி கலந்து மினுக்கிய சிவப்புச் சீமெந்து, அதன் பிறகு வந்த சாதாரணச் சாம்பல் சீமெந்து, அண்மையில் கட்டிய வீடுகளில் பளபளப்பான வெள்ளை அல்லது கிறீம் நிற ரைல். எதுவானாலும், அதன் உள்நிறத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை என்று சொல்லி வாங்கிய ரைல், அந்தத் தாளுக்குப் பக்கத்தில் மஞ்சள் சாய்ந்ததா, றோஸ் சாய்ந்ததா, நீலம் சாய்ந்ததா என்பது உடனே தெரியும். தரை றோஸ் சாய்ந்ததாக இருக்க, சுவரை மஞ்சள் சாய்ந்த கிறீமாக அடித்தால், இரண்டும் தனித்தனியே நல்ல நிறங்களாக இருந்தும், அறை எப்போதும் சற்று அழுக்காகவே தோன்றும். வீட்டுக்காரர் காரணம் விளங்காமல் மறுபடியும் சுவரைக் கழுவுவார்.

அதேபோலக் கதவு நிலை முதிரையா தேக்கா, செற்றியின் துணி என்ன நிறம், ஷோகேஸ் எந்த மரம், யன்னல் சீலைகள் மாறப்போகின்றனவா என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதிரை பொன்மஞ்சள் சாய்ந்த மரம். நீலம் சாய்ந்த சாம்பல் சுவருக்கு முன்னால் அதன் மஞ்சள் தேவைக்கு மிஞ்சித் துலங்கும். தேக்கின் மண்ணிறம் இன்னும் பொறுமையானது. பச்சையோடும் சாம்பலோடும் இணங்கிப் போகும்.

ஒரு நிறம் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றுகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர் பாரிஸில் கொப்லன் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயனவியலாளர் மிஷெல் எய்ஜென் ஷெவ்றொல். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று வந்த முறைப்பாடுகளை அவர் பரிசோதித்தபோது, சாயத்தில் குறை இல்லை என்றும், பக்கத்தில் நெய்யப்பட்ட நிறமே கறுப்பை மங்கச் செய்கிறது என்றும் கண்டார். அந்த விதியை 1839 இல் வெளியிட்டார். சிவப்புச் சீமெந்துத் தரை உள்ளவர்களுக்கு இந்த விதி நேரடியாகப் பயன்படும். சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குப் பக்கத்திலுள்ள நிறமற்ற சாம்பல் பச்சை சாய்ந்து தோன்றும். அதே வேளை, தரையில் பட்ட வெளிச்சம் தெறித்துச் சுவரின் கீழ் மூன்றடியை மெல்லிய றோஸாக்கும். மேலே பச்சை சாய்ந்தும் கீழே றோஸாகவும் ஒரே சுவர் இரண்டாகத் தெரிவது இதனால்தான். இத்தகைய அறைக்குச் சாம்பலையும் குளிர்ந்த வெள்ளையையும் தவிர்த்து, சந்தனம், தேங்காய்ப்பால் போன்ற இளஞ்சூட்டு நிறங்களுக்குள் நிற்பது பாதுகாப்பானது.

படி 3: அறையின் வெளிச்சத்தைப் படித்தல்

இணையத்தில் கிடைக்கும் அலங்காரக் குறிப்புகள் பல, வடக்குப் பார்த்த அறைக்கு வெயில் வராது, அதன் வெளிச்சம் நீலம் சாய்ந்தது, ஆகவே மஞ்சள் சாய்ந்த நிறம் அடியுங்கள் என்று சொல்கின்றன. அவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையளவில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டிச் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஓகஸ்ட் கடைசியில்தான் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. இடைப்பட்ட நாலரை மாதமும் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்தே வருகிறது. காலையிலும் மாலையிலும் சாய்ந்த கதிர் வடக்கு யன்னல் வழியாக உள்ளே விழும். மார்கழியில் இதே யன்னலுக்கு நேர் வெயில் கிடையாது. எனவே வடக்குப் பார்த்த நம் அறைகள் ஆண்டுக்கு இரண்டு முகம் காட்டுகின்றன. மாசியில் தெரிவு செய்யும் நிறம் ஆனியில் வேறு மாதிரித் தெரியும் என்பதை மனத்தில் கொண்டு, இரண்டுக்கும் நடுவான நிறத்தில் நில்லுங்கள்.

மேற்குப் பார்த்த ஹோல் பின்நேரம் செம்மஞ்சள் வெளிச்சத்தால் நிறையும். அங்கே பீச், ஒறேஞ், கடும் மஞ்சள் எதுவும் வேண்டாம். மாலை நாலு மணிக்கு அந்த அறையில் இருக்கவே வெக்கையாகத் தோன்றும். சாம்பல் கலந்த பச்சை, மங்கிய நீலம் போன்றவை அந்த வெளிச்சத்தைச் சமன் செய்யும். கிழக்குப் பார்த்த அறை காலையில் துலங்கி, பிற்பகலில் மங்கிவிடும். அதற்கு இளஞ்சூட்டு நிறம் உதவும்.

திசையைவிட நம் வீடுகளில் பெரிய வேறுபாட்டைச் செய்வது விறாந்தை. ஆறு, எட்டு அடி அகலமான விறாந்தைக்குப் பின்னால் இருக்கும் ஹோலுக்கு, எந்தத் திசையானாலும், நேர் வெயில் பெரும்பாலும் வராது. அங்கே வருவது முற்றத்திலும் மதிலிலும் மரத்திலும் பட்டுத் தெறித்த வெளிச்சம். அதனால் அது அவற்றின் நிறத்தையும் சேர்த்துக்கொண்டே வருகிறது. உரும்பிராயில் ஒரு வீட்டில் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறேன். ஹோலின் ஒரு யன்னலுக்கு வெளியே கறுத்தக்கொழும்பான் மாமரம். மற்ற யன்னலுக்கு வெளியே கூட்டிப் பெருக்கிய வெறும் செம்மண் முற்றம். ஒரே வாளியிலிருந்து ஒரே நாளில் அடித்த வெள்ளை, மாமரப் பக்கத்துச் சுவரில் இளம்பச்சை சாய்ந்தும், முற்றத்துப் பக்கத்துச் சுவரில் இளஞ்சிவப்புச் சாய்ந்தும் நின்றது. யன்னலில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தபோது தாளும் அப்படியே மாறியது. உங்கள் வீட்டிலும் அந்தத் தாளை ஒவ்வொரு சுவரிலும் பிடித்துப் பாருங்கள். எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கொப்பியில் குறியுங்கள். அறைக்குள் பச்சை வருகிறதென்றால், பெயின்றில் பச்சை சாயாத வெள்ளையை எடுத்தால் போதும். பச்சையை வெட்டுவதற்காக றோஸ் அடிக்கத் தேவையில்லை.

இரவு வெளிச்சம் அடுத்தது. நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடக் கூட நீலம் சாயும்) நீலம் சாய்ந்த வெள்ளை மின்குமிழ். அதன் கீழே செங்கல் நிறம் மண்ணாகவும், கிறீம் பச்சை சாய்ந்த சாம்பலாகவும், மனிதர்களின் முகம் வெளிறியும் தோன்றும். பெயின்றுக்கு முன் மின்குமிழை மாற்றுங்கள். வரவேற்பறைக்கு 3000 முதல் 4000 கெல்வின் வரையான எல்.ஈ.டி. மின்குமிழும், பெட்டியில் நிறத்துலக்கச் சுட்டி (CRI; நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் எண்) 90 அல்லது அதற்கு மேல் என்று குறித்ததும் கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள். சுவருக்குச் செலவழிக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. ஆனால் இரவில் அறையின் ஒவ்வொரு நிறத்தையும் தீர்மானிப்பது அதுதான்.

படி 4: காப்பெற்றைத் தெரிவு செய்தல்

சுவரிலிருந்து சுவர் வரை ஒட்டும் காப்பெற் நம் ஊருக்கு ஏற்றதென்று நான் கருதவில்லை. மழைமாதத்தின் ஈரப்பதனும், ஆண்டு முழுவதும் வரும் தூசியும், வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம் பழக்கமும் அதற்கு எதிரானவை. அதைத் தூக்கி வெயில் காட்ட முடியாது. அடியில் பூஞ்சணம் பிடித்தாலும் தெரியாது. செற்றிக்கும் நடு மேசைக்கும் அடியில் விரித்து, வேண்டும்போது சுருட்டி எடுக்கக்கூடிய தனி விரிப்பே சரி.

நூலின் வகை நிறத்தோடு தொடர்புடையது என்பதால் அதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கடைகளில் அதிகம் கிடைப்பது பொலிபுரொப்பிலீன். நூலாக இழுக்கும்போதே சாயம் உள்ளே கலக்கப்படுவதால் வெயிலில் இலகுவில் வெளுக்காது, நீருக்கும் பயமில்லை. ஆனால் எண்ணெய் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், செற்றியின் கால் அழுத்திய இடம் அப்படியே படிந்துவிடும். நைலோன் மிதிபட்டாலும் நிமிரும். தேநீரும் மஞ்சளும் கறையாக ஏறும். கம்பளி பார்க்க அழகானது, நிறமும் ஆழமானது, ஆனால் பூச்சி அரிக்கும். நம் ஈரப்பதனில் பராமரிப்பது கடினம். சணல் விரிப்பில் நீர் சிந்தினால் மண்ணிறக் கறை நிலைத்துவிடும். பருத்தி ஜமுக்காளம் துவைக்க இலகுவானது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

நிறத்தைத் தீர்மானிப்பதில் நம் மண்ணுக்கு முதல் உரிமை உண்டு. உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் போன்ற செம்மண் ஊர்களில் காலோடு உள்ளே வருவது இரும்பு ஒக்சைட்டு நிறைந்த சிவப்புத் தூசி. கரையோரத்திலும் தீவகத்திலும் வருவது வெளிறிய மணல். கடைக்குப் போகுமுன் உங்கள் முற்றத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து நன்றாக உலர்த்தி, அரித்து, சிறு பொலித்தீன் பையில் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் கேட்டு, அந்தப் பையைக் காப்பெற்றின் மேல் வைத்துப் பாருங்கள். மண்ணின் நிறம் விரிப்பிலுள்ள ஏதோ ஒரு நிறத்தோடு கலந்து போனால், கூட்டாத நாளிலும் அது துப்புரவாகத் தெரியும். செம்மண் ஊருக்குச் செங்கல், பாக்கு நிறம், மங்கிய மரூன் ஆகியவை அடிப்படையாக இருந்து, இடையிடையே கிறீமும் கருநீலமும் ஓடும் பூவேலை மிகப் பொருத்தம். மணற்பகுதிக்கு ஓலைப்பாய் நிறம், வெளிறிய மண்ணிறம், சாம்பல் கலந்த நீலம் நல்லவை. முழுக்க வெள்ளையான காப்பெற் செம்மண்ணில் ஒரு மாதம் தாங்காது. முழுக்கக் கருநீலமோ கறுப்போ அழுக்கை மறைக்கும் என்று நினைப்பதும் சரியாகாது; பஞ்சு, நூல், பூனை மயிர், வெள்ளைத் தூசி அத்தனையும் அதில் துலக்கமாகத் தெரியும். இரண்டு மூன்று நிறங்கள் கலந்த நடுத்தர அடர்த்திதான் பராமரிப்புக்கு இலகு.

கடையின் பலத்த விளக்குக்குக் கீழே முடிவெடுக்காமல், காப்பெற்றை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு முனையில் நின்று பார்த்துவிட்டு, மறுமுனைக்குப் போய்த் திரும்பப் பாருங்கள். வெட்டிய இழையுள்ள காப்பெற்றில் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இழையின் முனை உங்களைப் பார்க்கும் பக்கத்திலிருந்து நிறம் கருமையாகவும், எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிறலாகவும் தோன்றும். வித்தியாசம் சிலவற்றில் இரண்டு வேறு காப்பெற் போலவே இருக்கும். வீட்டில் வாசலால் வருபவர் எந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பார் என்று யோசித்து, அந்தப் பக்கத்து நிறத்தையே உங்கள் காப்பெற்றின் நிறமாகக் கொள்ளுங்கள். சுவருக்குப் பொருத்திப் பார்க்கும்போதும் அதே பக்கம்தான் கணக்கு.

அளவு பற்றிச் சுருக்கமாக: செற்றி, கதிரைகளின் முன் கால்களாவது விரிப்பின் மேல் நிற்க வேண்டும். நடு மேசைக்கு மட்டும் அடியில் கிடக்கும் சிறு விரிப்பு அறையைச் சுருக்கிக் காட்டும். வழக்கமான ஹோலுக்கு 5 அடிக்கு 8 அடி, பெரியதற்கு 8 அடிக்கு 10 அடி பொருந்தும். தரையில் ரேப் ஒட்டி அளவைக் குறித்து, அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். மினுக்கிய தரையிலும் ரைலிலும் விரிப்பு வழுக்கும் என்பதால், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அடியில் வழுக்காத வலைத்துண்டு கட்டாயம் வேண்டும். பின்புறம் இறப்பர் பூசியவை வெக்கையில் இளகித் தரையில் ஒட்டுவதுண்டு.

படி 5: சுவர் நிறத்தைக் காப்பெற்றிலிருந்து எடுத்தல்

காப்பெற் வீட்டுக்கு வந்த பிறகு, அதிலுள்ள நிறங்களில் மிக அமைதியானதைத் தேடுங்கள். பெரும்பாலும் அது பூவேலையின் பின்னணியாகவோ ஓரக் கரைக்குள் ஓடும் மெல்லிய கோடாகவோ இருக்கும். அந்த நிறத்தின் வெளிறிய வடிவமே சுவருக்கு. காப்பெற்றில் கண்ணைப் பறிக்கும் நிறத்தைச் சுவரில் அடித்தால், விரிப்பு சுவருக்குள் கரைந்துபோகும். அந்த நிறம் தலையணை உறையிலோ சீலையின் கரையிலோ சிறிதாக வந்தால் போதும்.

வெளிர்மையை அளக்க, பெயின்ற் நிறுவனங்கள் தங்கள் நிறங்களுக்குத் தரும் ஒளித்தெறிப்பு எண்ணைக் கேளுங்கள். முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. விறாந்தைக்குப் பின்னால் மங்கலாக இருக்கும் ஹோலுக்கு 65 முதல் 75 வரை, வெளிச்சம் நிறைய வரும் அறைக்கு 50 முதல் 60 வரை என்பது என் பரிந்துரை. வெயில் நேரே விழும் அறையில் 80க்கு மேற்பட்ட வெள்ளை நண்பகலில் கண் கூசச் செய்யும்.

தரையோடு சேர்த்து மூன்று சேர்க்கைகளைச் சொல்கிறேன். சிவப்புச் சீமெந்துத் தரையும் முதிரைக் கதவும் உள்ள பழைய வீட்டுக்கு, தரையே ஒரு காப்பெற் அளவு நிறத்தைக் கொடுக்கிறது. ஆகவே விரிப்பு ஓலைப்பாய் நிறத்தில், கரும்பச்சைக் கரையோடு அடங்கி இருக்கட்டும். சுவர் வெளிறிய சந்தனம். கிறீம் நிற ரைல் உள்ள புதிய வீட்டுக்கு, பாக்கு அல்லது செங்கல் நிறப் பூவேலைக் காப்பெற். சுவர் ரைலின் அதே சாயலில், அதைவிட ஒரு படி கருமையான மணல் நிறம். இந்த வீடுகளில் தரையும் சுவரும் ஒரே கிறீமாக இருந்து, இரண்டும் சரியாகப் பொருந்தாமல் நிற்பதைத்தான் அதிகம் காண்கிறேன். நீலம் சாய்ந்த வெள்ளை அல்லது சாம்பல் ரைல் என்றால், அறை குளிர்ந்து வெறுமையாகத் தோன்றும். அதற்கு மரூனும் கருநீலமும் கலந்த காப்பெற்றும், சாம்பல் கலந்த மெல்லிய பச்சைச் சுவரும் உயிர் கொடுக்கும்.

நீண்டு ஒடுங்கிய ஹோலில் குறுகிய கடைசிச் சுவரை மட்டும் இரண்டு படி கருமையாக அடித்தால் அது கிட்ட வந்ததுபோலத் தோன்றி, அறை சதுரமாகத் தெரியும். தட்டுக் கூரையை மினுக்கமில்லாத வெள்ளையாகவே விடுங்கள்.

மினுக்கத்தையும் இங்கேயே தீர்மானிக்க வேண்டும். மினுக்கமில்லாத மற் பெயின்ற் சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும். ஆனால் துடைத்தால் தடம் விழும். சற்று மினுக்கமான சில்க், சற்றின் வகைகள் துடைக்க நல்லவை. ஆனால் அவை, யன்னலிலிருந்து பக்கவாட்டாக வரும் வெளிச்சத்தில் மேசன் விட்ட ஒவ்வொரு கரண்டித் தடத்தையும் காட்டிக் கொடுக்கும். கதிரை முதுகு உரசும் இடம், பிள்ளைகளின் கை படும் உயரம், இரவில் மோட்டார்சைக்கிளை உள்ளே ஏற்றி விடும் மூலை, சுவாமிப் படத்துக்கு முன் விளக்கும் சாம்பிராணியும் எரியும் இடம் ஆகியவற்றுக்குத் துடைக்கக்கூடியது கட்டாயம் வேண்டும். சுவரின் கீழ் நாலடியைச் சற்றுக் கருமையான நிறத்தில், துடைக்கக்கூடிய பெயின்றால் அடித்து, மேலே மற் அடிப்பது இதற்கு நல்ல தீர்வு. கீழ்ப்பகுதிக்கு எண்ணெய்ப் பெயின்ற் அடித்த பழைய வழக்கத்தில் இருந்த அறிவு இதுதான்; காப்பெற்றின் இரண்டாவது நிறத்துக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கிறது.

படி 6: மாதிரி அடித்துப் பார்த்தல்

தெரிவை இரண்டு மூன்று நிறங்களாகக் குறைத்த பிறகு, ஒவ்வொன்றிலும் சிறிய மாதிரி வாங்கி, இரண்டடிச் சதுர வெள்ளை அட்டையில் இரண்டு பூச்சு அடியுங்கள். ஓரத்தில் ஒரு அங்குலம் வெள்ளையாக விடுங்கள். பழைய சுவரில் நேரே அடித்தால், சுற்றியிருக்கும் பழைய நிறம் புதிய நிறத்தைத் திரித்துக் காட்டும். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போதைவிடக் காய்ந்தபின் சற்றுக் கருமையாகும் என்பதால், முழுதாகக் காய்ந்த அட்டையை மட்டும் பாருங்கள்.

அட்டையைச் சுவரில் நிமிர்த்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேசையில் படுக்க வைத்தால் மேலிருந்து வரும் வெளிச்சம் முழுதும் அதில் விழுந்து, நிறம் வெளிறித் தெரியும்; சுவர் நிமிர்ந்து நிற்பதால் அதே நிறம் அங்கே கருமையாக இருக்கும். காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மாலை நாலு மணிக்கும், இரவு மின்குமிழ் வெளிச்சத்திலும், ஒவ்வொரு சுவரிலும் மாறி மாறி வைத்து, கீழே காப்பெற்றை விரித்து, வாசலில் நின்று பாருங்கள். சில சோடிகள் பகலில் ஒத்துப்போய் இரவில் பிரிந்துவிடும். சாயங்களின் கூட்டு வேறாக இருப்பதால் விளக்கு மாறும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறுகிறது. நீங்கள் அந்த அறையில் அதிகம் இருப்பது எந்த நேரமோ அந்த நேரத்துப் பொருத்தத்துக்கே முதலிடம். இரண்டு நிறங்களுக்கிடையே தீர்மானிக்க முடியாவிட்டால் வெளிறியதை எடுங்கள். நான்கு சுவரிலும் ஏறிய பிறகு எந்த நிறமும் அட்டையில் கண்டதைவிட அழுத்தமாகவே தெரியும்.

வீட்டில் பெரியவர்கள் வாஸ்து சார்ந்து ஒரு நிறத்தை விரும்பினால், அதே நிறத்தின் மங்கிய, சாம்பல் கலந்த வடிவத்தை மாதிரி அட்டைகளில் ஒன்றாகச் சேர்த்து அவர்களுக்கும் காட்டுங்கள். அட்டைகளைக் கண்ணால் பார்த்த பிறகு பெரும்பாலும் எல்லோரும் ஒரே அட்டைக்கு வந்து சேர்கிறார்கள்.

படி 7: அளவு கணக்கிட்டு வாங்குதல்

18 அடி நீளம், 14 அடி அகலம், 10 அடி உயரமான ஹோலை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 64 அடி. சுவர்ப்பரப்பு 640 சதுர அடி. இரண்டு கதவுக்கும் மூன்று யன்னலுக்கும் ஏறத்தாழ 90 சதுர அடி கழித்தால் மீதி 550. பிரைமர் அடித்த ஒப்பரவான சுவரில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு 100 முதல் 120 சதுர அடி வரை செல்லும். இரண்டு பூச்சுக்கு 1,100 சதுர அடி என்பதால் ஏறத்தாழ 9 முதல் 11 லீற்றர் வேண்டும். கரடுமுரடான சுவர் இன்னும் குடிக்கும். முழுவதையும் ஒரே நாளில், ஒரே கலவை இலக்கத்தில் வாங்கி, அடிக்கத் தொடங்குமுன் எல்லா வாளிகளையும் ஒரு பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாளி மாறிய இடம் சுவரில் கோடாகத் தெரியும். பெயின்றில் நீர் சேர்ப்பதற்கு வாளியில் எழுதியுள்ள அளவைத் தாண்ட வேண்டாம். உவர்க் கிணற்று நீரையும் அதற்குப் பாவிக்க வேண்டாம்.

காப்பெற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாறித் திருப்பிப் போட்டால், யன்னல் பக்கம் மட்டும் வெளுப்பதையும் ஒரே இடம் தேய்வதையும் தவிர்க்கலாம். செம்மண் சேறு பட்டால் ஈரத்தில் தேய்க்காமல், நன்றாகக் காய விட்டு, உடைத்துத் தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். ஈரத்தில் தேய்த்தால் இரும்பின் சிவப்பு இழைக்குள் இறங்கிவிடும். கார்த்திகையில் மழை இறுகும்போது, முக்கியமாக அடியில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய சீமெந்துத் தரையில், காப்பெற்றைச் சுருட்டி உயரமான இடத்தில் வைத்து, தை வெயிலில் ஒருமுறை காற்றாட விட்டு மீண்டும் விரியுங்கள். மிஞ்சிய பெயின்றைச் சிறிய, இறுகிய மூடியுள்ள போத்தலில் ஊற்றி, நிற இலக்கம், கலந்த திகதி, எந்தச் சுவர் என்ற விவரத்தை மேலே எழுதி, வெயில் படாத அலுமாரியில் வையுங்கள். ஆணி அடித்த ஓட்டையும் கதிரை உரசிய தடமும் அதைக் கொண்டே சரிசெய்யப்படும்.